தஞ்சாவூர்க் கோட்டைக்குள் இரண்டு இரவு: பழைய வீட்டு விடுதியில் முதல்முறை தங்கப் போகிறவர்களுக்கு

தஞ்சாவூருக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் கும்பகோணத்தில் ரூம் போட்டுவிட்டு, நவக்கிரகக் கோயில்களுக்கு நடுவே கிடைக்கிற இடைவெளியில் பெரிய கோயிலை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். உச்சி வெயிலில் கால் பொசுங்க ஓடி, நந்தி முன்னால் ஒரு போட்டோ எடுத்து, அப்புறம் வண்டி ஏறிவிடுவார்கள். அது கோயில் பார்த்த கணக்கில் வரலாம், ஊர் பார்த்த கணக்கில் வராது. நான் இங்கே சொல்லப் போவது வேறு மாதிரிப் பயணம். இரண்டு இரவு, பழைய கோட்டைக்குள்ளோ அதன் ஓரத்திலோ, பழைய வீட்டை விடுதியாக மாற்றிய ஓர் இடத்தில் தங்கி, ஊரை நடந்து பார்ப்பது. பொட்டிக் ஓட்டல், ஹெரிடேஜ் ஸ்டே என்றெல்லாம் புக்கிங் ஆப்களில் போட்டிருப்பார்களே, அதுதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனசில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஊர் ஒரு நாளில் இரண்டு முறை திறக்கிறது. காலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இன்னொரு தடவை. நடுவில் கோயில் நடை சாத்தியிருக்கும், தெரு காலியாக இருக்கும், வெயில் மட்டும் இருக்கும். அந்த மூன்றரை மணி நேரத்துக்காகவே முற்றமும் தாழ்வாரமும் வைத்துக் கட்டியவைதான் டெல்டாவின் பழைய வீடுகள். நீங்கள் கொடுக்கிற வாடகை பெரும்பாலும் அந்த மத்தியானத்துக்குத்தான். காலையில் கிளம்பி ராத்திரி படுக்க மட்டும் வருவதாக இருந்தால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜே போதும், காசும் மிச்சம்.

தேதியைக் குறிப்பது

மார்கழி நடுவிலிருந்து மாசி வரை சுகமான காலம். மழை விட்டிருக்கும், சம்பா பயிர் முற்றி வயல்கள் நிறம் மாறும், தையில் அறுப்பு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை. புயல் வந்தால் மொத்தத் திட்டமும் போச்சு. சித்திரை, வைகாசி பக்கமே வர வேண்டாம், பகலில் கோயில் கல்லில் கால் வைக்க முடியாது.

'ரிவர் வியூ' ரூம் என்று கூடுதலாகக் காசு கேட்டால் மாதத்தைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. அந்தக் காலத்தில்தான் வெண்ணாற்றிலும், பெரிய கோயிலை ஒட்டி ஓடும் கல்லணைக் கால்வாயிலும் (ஊரில் 'புது ஆறு' என்றுதான் சொல்வார்கள்) தண்ணீர் பார்க்கலாம். மாசிக்கு மேல் அதே ஜன்னலில் மணலும் காட்டாமணக்கும்தான் தெரியும்.

அடுத்து, காலண்டரில் முகூர்த்த நாட்களைப் பாருங்கள். வெளியூர்க்காரர்கள் இதை யோசிப்பதே இல்லை. வளர்பிறை முகூர்த்தம், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டால், ஊரில் இருக்கிற நல்ல ரூம் எல்லாம் கல்யாண வீட்டாருக்குப் போய்விடும். முற்றத்து விடுதிகளிலேயே சில நேரம் நிச்சயதார்த்தம் நடக்கும். ஐப்பசி சதயத்தில் ராஜராஜனுக்குச் சதய விழா, தையை ஒட்டித் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. இந்த இரண்டுக்கும் வருவதாக இருந்தால் மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சித்திரைத் தேர் 2015-இல் மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்து, தேர் அன்று நாலு ராஜ வீதிகளிலும் வண்டி விடமாட்டார்கள். வீதிக்குள் தங்கியிருந்தால் திண்ணையிலிருந்தே தேர் பார்க்கலாம், ஆனால் காரை வெளியே எடுக்க முடியாது. பிரதோஷத்தன்று சாயங்காலம் நந்திக்கு அபிஷேகம். கூட்டம் பிடித்தவர்களுக்கு அந்த நாள், பிடிக்காதவர்களுக்கு மறுநாள். மாட்டுப் பொங்கலன்று நந்திக்குக் காய்கறி, பழம், பலகாரத்தால் அலங்காரம் செய்வார்கள். அதற்காக ஒரு தடவை வரலாம்.

எந்தப் பகுதியில் தங்குவது

ஊரின் அமைப்பு தெரிந்தால் முகவரியைப் பார்த்தே இடத்தை எடை போட்டுவிடலாம். தஞ்சாவூரில் இரண்டு கோட்டை. பெரிய கோயிலும் சிவகங்கைக் குளமும் இருப்பது சின்னக் கோட்டை. அதற்கு வடகிழக்கே அரண்மனையைச் சுற்றி இருப்பது பெரிய கோட்டை. நாயக்கர்கள் கட்டி, 1676 வாக்கில் வந்த மராட்டியர்கள் 1855 வரை ஆண்ட இடம். அதற்குள்தான் கீழ, தெற்கு, மேல, வடக்கு ராஜ வீதிகள். கோட்டைச் சுவர் இருந்த வரிசைக்கு அலங்கம் என்று பெயர். முகவரியில் 'ராஜ வீதி' அல்லது 'அலங்கம்' இருந்தால் நீங்கள் பழைய ஊருக்குள் இருக்கிறீர்கள். மானம்புச்சாவடி, பூக்காரத் தெரு என்றால் கோட்டைக்கு வெளியே, ஆனாலும் நடக்கிற தூரம். மெடிக்கல் காலேஜ் ரோடு, புது பஸ் ஸ்டாண்டு என்றிருந்தால் ஒவ்வொரு தடவையும் ஆட்டோதான்.

விடுதிகளில் பெரிய மாளிகையை எடுத்துப் புதுப்பித்தது ஒரு வகை. ரூம் நிறைய இருக்கும், நீச்சல் குளம், எண்ணெய்க் குளியல், சாயங்காலக் கச்சேரி என்று எல்லாமும் உண்டு. மானம்புச்சாவடிப் பக்கம் இருக்கும் ஸ்வாத்மா அந்த வகை. இன்னொன்று ஐந்தாறு ரூம் மட்டும் உள்ள வீடு. குடும்பத்தாரே நடத்துவார்கள், சாப்பாடு முன்னாடியே சொன்னால்தான். ஊருக்கு வெளியே ஆற்றங்கரை ரிசார்ட்டுகளும் உண்டு, அங்கே குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் நாம் பேசுகிற பயணத்துக்கு அது ஒத்துவராது. என் ஓட்டு இரண்டாவது வகைக்கு. வயதானவர்கள் கூட வந்தால் முதல் வகை.

'ஹெரிடேஜ்' என்ற பலகையை மட்டும் நம்பாதீர்கள். ஓரிடத்தில் முன்பக்கம் காரைக்குடியிலிருந்து வாங்கி வந்த நாலு தேக்குத் தூண், பின்னால் போன வருஷம் எழுப்பிய மூன்று மாடிக் கான்கிரீட். ஆப்பில் இருந்த படங்கள் எல்லாம் அந்த நாலு தூண்தான். படம் பார்க்கும்போது ரூமின் மேற்கூரையைத் தேடுங்கள். மரக் கட்டைகள் வரிசையாகப் போட்டு, மேலே செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை தெரிந்தால் பழைய வீடு. வழவழவென்று ஃபால்ஸ் சீலிங் தெரிந்தால் எதையோ மறைத்திருக்கிறார்கள், அல்லது மறைக்க எதுவுமே இல்லை.

போன் போட்டுக் கேட்க வேண்டியது

ஆப்பில் பணம் கட்டும் முன் விடுதிக்கே நேராகப் போன் போடுங்கள். விலையும் கொஞ்சம் இறங்கலாம். அதைவிட, பதில் சொல்கிற விதத்திலேயே அந்த இடம் எப்படி என்பது தெரிந்துவிடும்.

முதல் கேள்வி ஜன்னல் பற்றி. "ரூமுக்கு வெளிப்பக்கம் ஜன்னல் இருக்கா, முற்றத்தைப் பார்த்த ஜன்னல் மட்டும்தானா?" முற்றத்து வீடுகள் இரண்டு பக்கமும் பொதுச்சுவர் வைத்து ஒட்டி ஒட்டிக் கட்டியவை, பக்கச் சுவரில் ஜன்னல் இருக்காது. முற்றத்து ஜன்னல் மட்டும் உள்ள ரூமில் திரையைத் திறந்தால் காலை டிபன் சாப்பிடுகிறவர்கள் உங்களைப் பார்ப்பார்கள், மூடினால் இருட்டு. தெருவைப் பார்த்த மாடி ரூம் அல்லது கொல்லைப்பக்கத்து ரூம் கேளுங்கள். தெரு ரூமில் சத்தம் இருக்கும், வெளிச்சமும் இருக்கும்.

இரண்டாவது, கரண்டு. மின்வாரியம் துணைமின் நிலையம் வாரியாக மாதப் பராமரிப்பு என்று பகல் முழுக்க நிறுத்தும், பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை. உங்கள் தேதியில் அது வருகிறதா என்று விடுதிக்காரருக்குத் தெரிந்திருக்கும். "ஜெனரேட்டர் இருக்கு சார்" என்று சொல்வார், "ஏசி ஓடுமா?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள். ஃபேனும் லைட்டும் மட்டும் ஓடுகிற இன்வெர்ட்டருக்கும் ஜெனரேட்டர் என்றே சொல்கிற வழக்கம் உண்டு.

மூன்றாவது, மாடிப்படி. பழைய வீட்டுப் படி ஏணிக்குத் தம்பி. அம்மா, அப்பா, மாமியார் யாருக்காவது முட்டி வலி இருந்தால் கீழ் ரூம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸாப் மெசேஜ் போதும். நிலைப்படியும் வாசலுக்கு வாசல் உயரமாக இருக்கும், தலைவாசல் தாழ்ந்திருக்கும். உயரமானவர்கள் முதல் நாள் ஒரு தடவையாவது இடித்துக்கொள்வார்கள். அப்புறம் பழகிவிடும்.

மற்றதெல்லாம் சட்டுபுட்டென்று கேட்டுவிடலாம்: கார் எங்கே நிறுத்துவது (வீதிக்குள் என்றால் வாசலில் இடம் இருக்காது), டிரைவர் தங்க இடம் உண்டா, அசைவம் உண்டா (பல இடங்களில் சைவம் மட்டும், மதுவும் கிடையாது), கொசுவலை உண்டா. பெரியவர்கள் எல்லாரும் ஆதார் எடுத்துப் போங்கள். ஒருவர் அட்டையை மட்டும் காட்டினால் ஒத்துக்கொள்ளாத இடங்கள் உண்டு. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால் விடுதிக்காரர் ஃபார்ம் சி (வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம்) பதிவு செய்ய வேண்டும், அதற்கு விசாப் பக்கமும் தேவை. அந்தப் பதிவு முறை தெரியாத சின்ன வீடுகள் கடைசி நேரத்தில் கையை விரிக்கும், முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பணக் கணக்கில் கவனிக்க ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. வாடகை 7,600 என்றால் வரியோடு 8,968 ஆகிறது, 7,500 என்றால் 7,875-இல் முடிந்துவிடுகிறது. நூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சமாக வளரும் இடம் இது. எல்லையை ஒட்டி விலை சொன்னால், காலை டிபன் இல்லாமல் ரூம் மட்டும் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், கோட்டுக்குக் கீழே வந்துவிடலாம். டிபனை வெளியே சாப்பிடுவது எப்படியும் நல்லது, அதைக் கீழே சொல்கிறேன்.

வந்து சேர்வது

சென்னையிலிருந்து இரண்டு வழி. உழவன் எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பி விடியும் நேரத்துக்குத் தஞ்சாவூர் வந்து சேரும். தூங்கி வரலாம், ஆனால் பொட்டிக் விடுதிகளில் செக்-இன் பகல் ஒரு மணி, இரண்டு மணி. லாட்ஜ் மாதிரி இருபத்துநாலு மணி நேரக் கணக்கு இங்கே கிடையாது. சோழன் எக்ஸ்பிரஸ் பகல் வண்டி, பிற்பகலில் இறங்கி நேராக ரூமுக்குப் போகலாம். ஆனால் ஒரு காலைப்பொழுது போய்விடும். நான் உழவனைத்தான் சொல்வேன். முதல் நாளே விடுதிக்குப் போன் செய்து, "அண்ணே, ஆறு மணிக்கு வந்துருவோம். பையை வச்சுட்டு, குளிச்சுட்டுக் கோயிலுக்குப் போகணும், ஒரு பாத்ரூம் மட்டும் கிடைக்குமா?" என்று கேளுங்கள். ரூம் கேட்டால் அரை நாள் வாடகை சொல்வார்கள். குளிக்க இடம் கேட்டால் பெரும்பாலும் "அதுக்கென்ன, வாங்க" என்பதுதான் பதில். கோயிலுக்குப் போக என்று சொன்னால் டெல்டாவில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து மயிலாடுதுறை போகும் ஜன் சதாப்தி தஞ்சாவூரில் நிற்கும். மதுரை, திருச்சிப் பக்கத்திலிருந்து பஸ்ஸே சௌகரியம். ஆனால் அவை நிற்பது புது பஸ் ஸ்டாண்டில், ஊருக்கு வெளியே. அங்கிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ் விடாமல் ஓடும், அதில் ஏறினால் கோட்டை வாசலிலேயே இறங்கின மாதிரி.

ஆட்டோவில் "எவ்வளவுண்ணே?" என்று கேட்டால் "ஏறுங்க, பார்த்துக் குடுங்க" என்பார்கள். சிரித்துக்கொண்டே "சொல்லிருங்கண்ணே, அப்புறம் நமக்குள்ள எதுக்கு" என்று தொகையைப் பேசிவிட்டு ஏறுங்கள். ரயிலடியிலிருந்து பெரிய கோயில் இரண்டு கிலோமீட்டருக்குள்தான், அந்த தூரத்தை மனசில் வைத்துப் பேசினால் போதும்.

முதல் காலை: பெரிய கோயில்

நடை திறந்ததும் உள்ளே இருங்கள். மராட்டியர் வாசல் தாண்டி, கேரளாந்தகன் வாசல், அப்புறம் ராஜராஜன் வாசல். அங்கே நிற்கிற துவாரபாலகர்களின் அளவைப் பார்த்துவிட்டு மெதுவாக உள்ளே போங்கள். 1010-இல் முடிந்த கோயில், விமானம் ஏறக்குறைய 216 அடி. கிழக்கு வெயில் விமானத்தின் மேல் படிகிற முதல் ஒரு மணி நேரத்தில் கல் தேன் நிறமாக இருக்கும், ஒன்பதுக்கு மேல் வெளுத்துவிடும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது வழிகாட்டி சொன்னால் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நிழல் உங்கள் காலடியிலேயே விழுந்து கிடக்கும்.

சாமி கும்பிட்டுவிட்டு எல்லாரும் கிளம்பும்போது நீங்கள் விமானத்தைச் சுற்றி அடித்தளத்தைப் பார்த்து நடங்கள். கல்வெட்டு படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இந்தக் கோயிலுக்கு "நாங் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொல்லி ராஜராஜன் உத்தரவு போட்ட கல்வெட்டு இங்கேதான். அக்கன் என்றால் குந்தவை. எனக்கு இதைவிடப் பிடித்தது தளிச்சேரிக் கல்வெட்டு. பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு ஆடல் பெண்களைக் கொண்டுவந்து குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள் என்று பெயரோடு பொறித்திருக்கிறார்கள். 'தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு' என்று தொடங்கிப் போகிறது அந்தப் பட்டியல். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு எழுதி வைத்த வீட்டு விலாசம்.

உள் சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களைப் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. அவற்றின் புகைப்படங்களை வளாகத்துக்குள்ளேயே தொல்லியல் துறைக் காட்சிக் கூடத்தில் பார்க்கலாம். திருச்சுற்றின் தென்மேற்கில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1803-இல் வெட்டிவைத்த மிக நீளமான மராத்திக் கல்வெட்டும் இருக்கிறது, அவருடைய போன்ஸ்லே அரச குடும்பத்தின் கதை. அதன் பக்கத்தில் ஐந்து நிமிஷம் போதும்.

வெளியே வந்து டிபன். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கடப்பா உண்டா என்று கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், சோம்பு, பூண்டு அரைத்துவிட்டுச் செய்வது. தஞ்சாவூர், கும்பகோணம் தாண்டினால் சரியாகக் கிடைக்காது, இங்கேயே பல கடைகளில் வாரத்தில் சில நாள்தான் போடுவார்கள், பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். இட்லியோடு சாப்பிட வேண்டும். சாம்பார் பிறந்தது தஞ்சை மராட்டிய அரண்மனைச் சமையலறையில் என்று ஒரு கதை உண்டு. எழுத்தில் ஆதாரம் தேடிப் போகாதீர்கள், ஊற்றிச் சாப்பிடுங்கள்.

மத்தியானம்

பதினொன்றரைக்கு விடுதிக்குத் திரும்பிவிடுங்கள். வெளியே கொளுத்தும்போது முற்றத்து வீட்டின் தாழ்வாரத்தில் நின்றால் காற்று நகர்வது தெரியும். முற்றத்தின் வழியே சூடு மேலே போக, வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் காற்று உள்ளே வருகிறது. அது நடக்க வேண்டுமானால் வாசல் கதவும் பின்கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். ஏசி ரூமுக்காகப் பின்கதவை நிரந்தரமாக அடைத்துவிட்ட விடுதிகளில் தாழ்வாரம் புழுங்கும். "அண்ணே, பின்கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்கிறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவரில் முதுகைச் சாய்த்துச் சாப்பாட்டுக்குப் பின் தூங்குவது, புத்தகம் படிப்பது, இதற்குத்தான் வாடகை. குழந்தைகளுக்கு ஒரு பல்லாங்குழி கேட்டு வாங்கிக் கொடுங்கள், நிறைய இடங்களில் வைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம்: வீதிகள்

நாலரைக்குக் கிளம்பி மேல வீதியிலிருந்து தொடங்குங்கள். இங்கேதான் பங்காரு காமாட்சி அம்மன் கோயில். காஞ்சிபுரத்திலிருந்து பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த பொன் காமாட்சி, கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரியின் குடும்பம் பூஜை செய்த சந்நிதி. பரதநாட்டியக் கச்சேரியின் வரிசையை வகுத்த தஞ்சை நால்வர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரின் வீடும் இதே வீதிதான். வாசல்களில் இன்னும் சில மரத்தூண் திண்ணைகள் மிச்சம். குடியிருக்கிற வீடுகள் அவை, போட்டோ எடுக்கும் முன் "எடுத்துக்கலாமாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உள்ளே கூப்பிட்டுக் காட்டுகிறவர்களும் உண்டு.

வடக்கு வீதி சுற்றிக் கீழ அலங்கத்துக்கு வாருங்கள். பீரங்கி மேடு என்று கேட்டால் சொல்வார்கள். கோட்டை மேட்டில் ஏறக்குறைய 25 அடி நீளத்துக்கு ஒரு இரும்புப் பீரங்கி கிடக்கிறது, ரகுநாத நாயக்கர் காலம், 1620 வாக்கு. வார்த்துச் செய்ததல்ல, நீள இரும்புப் பட்டைகளைக் குழலாக அடுக்கி, மேலே வளையங்களைக் காய்ச்சி இறுக்கியது. வாய்ப்பக்கம் போய் நின்றால் அடுக்குகள் கண்ணுக்குத் தெரியும். நாலு நூற்றாண்டு மழையில் கிடந்தும் இரும்பு கெட்டியாகத்தான் இருக்கிறது. பெரிய கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

இருட்டிய பிறகு இன்னொரு தடவை பெரிய கோயில் புல்தரைக்குப் போய் உட்காரலாம். ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு அங்கேதான் இருப்பார்கள். எட்டரைக்கு எழுப்பிவிடுவார்கள். ஒன்பதரைக்கு மேல் பழைய ஊர் அடங்கிவிடும், சாப்பாட்டை அதற்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். மார்கழியில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விடிகாலை நாலரைக்குத் தெருக்கோடிக் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை தொடங்கும். தூக்கம் முக்கியமானால் காதில் வைக்கப் பஞ்சு.

இரண்டாம் நாள்: அரண்மனை, கடை

ஒன்பது, ஒன்பதரைக்கே அரண்மனையில் இருங்கள். இங்கே ஒரே டிக்கெட் கிடையாது. கலைக்கூடம், தர்பார் மண்டபம், சரஸ்வதி மகால் என்று பகுதிக்குப் பகுதி தனித்தனியே வாங்க வேண்டும், வார விடுமுறையும் இடைவேளையும் ஒவ்வொன்றுக்கும் வேறு. முந்தின நாளே விடுதியில் விசாரித்துக்கொள்ளுங்கள். சில்லறை வைத்திருங்கள்.

நேரம் குறைவென்றால் கலைக்கூடம் மட்டும் போதும் என்பேன். 1951-இல் தொடங்கியது, கோயில்களில் சிதறியும் புதைந்தும் கிடந்த செப்புத் திருமேனிகள் இங்கே வந்து சேர்ந்தன. மற்ற எல்லாவற்றையும் அவசரமாகக் கடந்து, திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளையோடு நிற்கும் சிவன், முன்னால் நில்லுங்கள். 1011-இல் செய்தது. சடையைத் தலைப்பாகை மாதிரிச் சுற்றி, பாம்பைச் செருகி, ஒரு காலை மாற்றி வைத்து, வலது கையை எதன் மேலோ சாய்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த 'எது' இல்லை. காளை காணாமல் போய்விட்டது, சாய்ந்த கை அப்படியே அந்தரத்தில் இருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்தால் காளையின் உயரம்கூட நமக்குத் தெரிந்துவிடும். பக்கவாட்டில் போய் முதுகையும் பாருங்கள், முன்பக்கத்தைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். அடுத்த வருஷம் செய்த தேவியும் கூடவே.

சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகள் பத்தாயிரக்கணக்கில் உள்ளன. நாம் பார்ப்பது சிறு காட்சிக்கூடம். சரபோஜி கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சைக் குறிப்புகள், கண்ணின் படங்களோடு, இங்கே பாதுகாப்பில் உள்ளவை. அதே சரபோஜியைக் கல்லில் பார்க்க வேண்டுமானால் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஸ்வார்ட்ஸ் தேவாலயத்துக்குப் போங்கள். சாகக் கிடக்கும் தன் ஆசான் பாதிரியார் ஸ்வார்ட்ஸின் கையைப் பிடித்தபடி நிற்கிறார், லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செய்த வெள்ளைப் பளிங்குப் புடைப்புச் சிற்பம்.

வாங்குவதைப் பற்றி. ஆட்டோக்காரரோ வழிகாட்டியோ கூட்டிப் போகும் ஷோரூமில் அவர்களுடைய கமிஷனும் விலையில் சேர்ந்திருக்கும். முதலில் காந்திஜி சாலையில் இருக்கும் பூம்புகார் கடைக்குப் போய் விலையைத் தெரிந்துகொண்டு, அப்புறம் மற்ற இடங்களுக்குப் போங்கள். தலையாட்டி பொம்மையை வாங்கும் முன் தரையில் வைத்துச் சாய்த்துவிடுங்கள். தானாக எழுந்து நேராக நிற்க வேண்டும், ஒரு பக்கமாகச் சரிந்து நின்றால் அடியில் களிமண் சரியாக அமரவில்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கத்தாள் அசலா என்பதுதான் விலையின் பாதி. எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்; போலித் தாள் சில வருஷத்தில் கறுக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் மக்கு வேலையின் (தங்கத்தாளுக்கு அடியில் பசை போலப் பூசி மேடாக்குவது) மேடு பள்ளம் தெரியும், அச்சில் போட்டது தட்டையாக இருக்கும். வீணை வாங்க மாட்டீர்கள் என்றாலும், பட்டறை ஒன்றைப் பார்க்க விடுதிக்காரர் மூலம் கேளுங்கள். ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாந்த வீணைக்கும் ஒட்டு வீணைக்கும் வித்தியாசத்தைச் செய்கிறவர் வாயாலேயே கேட்கலாம்.

மூன்றாம் நாள், கிளம்பும் முன்

செக்-அவுட் பத்தோ பதினொன்றோ. பையை விடுதியிலேயே வைத்துவிட்டுப் பாதி நாளுக்கு வெளியே போகலாம். தாராசுரம் போக ஆசை வரும். கும்பகோணத்துக்குக் கொஞ்சம் முன்னால், போக வர எண்பது கிலோமீட்டருக்கு ஒட்டி வரும். அதை அவசரமாகப் பார்ப்பது அந்தக் கோயிலுக்குச் செய்கிற அநியாயம், இன்னொரு பயணத்துக்கு வையுங்கள். திருவையாறு 13 கிலோமீட்டர்தான். வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். குழந்தைகளை எண்ணச் சொல்லலாம். ஐயாறப்பர் கோயிலை நடை சாத்தும் முன் பார்த்துவிட்டு, காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதி, அப்புறம் கடைத்தெருவில் அசோகா. பாசிப்பருப்பில் நெய் சொட்டச் சொட்டக் கிண்டுகிற அல்வா அது. சூடாக இலையில் வாங்கி, கூடவே கொஞ்சம் காரம் வாங்கி, அங்கேயே நின்று சாப்பிடுங்கள். வீட்டுக்குப் பார்சல் என்றால் அன்று கிண்டியதா என்று கேட்டு வாங்குங்கள், இரண்டு மூன்று நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். உறவுக்காரர்களுக்கு எடுத்துப் போக இன்னும் கொஞ்ச நாள் தாங்குகிற சந்திரகலா, தஞ்சாவூர் ரயிலடி பக்கத்து மிட்டாய்க் கடைகளில் கிடைக்கும். ராத்திரி வண்டிக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம்.